ஒரே பாட்டு, இரண்டு தட்டு: டாலி பார்ட்டனின் ‘ஜோலீன்’, விட்னி ஹூஸ்டனின் ‘தி பாடிகார்ட்’

‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்னும் பாடலை ஒரு முறையாவது கேட்காத ஆங்கிலப் பாட்டு ரசிகரைப் பெங்களூரில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அதை விட்னி ஹூஸ்டனின் பாட்டாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். அவர் பாடியது 1992-இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே டாலி பார்ட்டன் தாமே எழுதித் தாமே பாடிய அந்தப் பாட்டு, அமெரிக்கக் கன்ட்ரி (நாட்டுப்புறப் பாணி) இசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்திருந்தது. மூலப் பதிவு உள்ள ‘ஜோலீன்’ ஆல்பத்தையும், விட்னியின் பதிவு உள்ள ‘தி பாடிகார்ட்’ படப் பாடல் தொகுப்பையும் ஒருசேர வாங்கிக் கேட்டு, எதை எந்த வடிவில் வாங்கினால் கொடுத்த காசுக்குத் தகும் என்று சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

இரண்டையும் சிவாஜி நகரை ஒட்டிய ஒரு சந்தில், பழைய இசைத்தட்டுகள் விற்கும் சிறு கடையில் வாங்கினேன். கடைக்காரர் தமிழர்; கன்டோன்மென்ட் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். வாங்குவதற்கு முன் தட்டைப் போட்டுக் கேட்க அனுமதிக்கும் நல்ல வழக்கம் அவரிடம் உண்டு. நான் விட்னியின் தட்டை மட்டும் எடுத்து வைத்தபோது, “ரெண்டையும் ஒண்ணா கேளுங்க சார், அப்புறமா காசைப் பத்திப் பேசலாம்” என்று டாலியின் தட்டையும் உறையிலிருந்து உருவினார். வியாபாரத் தந்திரம்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் அவர் சொன்ன வரிசையில் கேட்டதால்தான் இரண்டு பதிவுகளுக்கும் உள்ள உறவு தெளிவாக விளங்கியது.

முதலில் ‘ஜோலீன்’. டாலி 1967-இல் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இணைப் பாடகியாகச் சேர்ந்தார். வேகனர் அப்போதே பெயர் பெற்ற பாடகர். டாலியை நாடறியச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஐந்து ஆண்டுகள் இருப்பதாகச் சொல்லி வந்த டாலி ஏழு ஆண்டுகள் வரை தங்கிவிட்டார். தனித்துப் பாட வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், தூக்கிவிட்டவரை உதறிவிட்டுப் போகும் தயக்கம் மறுபக்கம். வாதம் செய்து பயனில்லை என்று கண்டபிறகு, சொல்ல வேண்டியதை 1973-இல் ஒரு பாட்டாக எழுதி எடுத்துப்போய் அவர் எதிரிலேயே பாடிக்காட்டியதாக டாலி பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். கேட்டு அழுத வேகனர், அந்தப் பாட்டைத் தம்மைத் தயாரிக்க விட்டால் போகலாம் என்றாராம். ஆகவே உலகமே காதல் பாட்டாகக் கொண்டாடும் இது, உண்மையில் ஒரு கலைஞர் தம்மை வளர்த்தவரிடம் விடைபெற்றுக்கொண்ட பாட்டு. பின்னாளில் வேகனர் ஒப்பந்தத்தை முன்வைத்து டாலிமீது வழக்குத் தொடுத்ததும், அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டதும், பிறகு இருவரும் சமாதானமானதும் தனிக்கதை.

அந்தப் பின்னணி தெரிந்தபின் டாலியின் பதிவைக் கேட்டால் அதன் அடக்கம் புரியும். பாட்டு மொத்தம் மூன்று நிமிடங்களுக்கும் குறைவு. கிதார், மெல்லிய பின்னணிக் குரல்கள், அளவோடு நடக்கும் தாளம். இவற்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. பல்லவியிலும் அவர் குரலை உயர்த்துவதில்லை. உயர்த்த வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இன்னும் சற்று மெல்லியதாக்குகிறார். மூன்றாவது சரணத்தைப் பாடுவதே இல்லை, பேசுகிறார். பிரிந்துபோகிறவருக்கு நல்வாழ்வும் மகிழ்ச்சியும் அமைய வேண்டும் என்று வாழ்த்தும் அந்தச் சில வரிகளை, வாசற்படியில் நின்று சொல்லும் தொனியில் சொல்லிவிட்டு, மறுபடி பல்லவிக்குத் திரும்புகிறார். பாட்டுக்கு நடுவே பேச்சு வருவது தமிழ்த் திரைப்பாடல் கேட்டு வளர்ந்த காதுக்குப் புதிதல்ல. ஆயினும் இந்தப் பேச்சில் நடிப்பின் சாயல் கொஞ்சமும் இல்லாதது வியப்பளிக்கிறது. கடையில் கேட்டபோது, பேச்சு தொடங்கும் இடத்தில் அவர் மூச்சை உள்ளிழுக்கும் ஒலி எனக்குத் தெளிவாகக் கேட்டது. கைப்பேசியில் எத்தனையோ முறை கேட்டபோது அதை நான் கவனித்ததில்லை.

எல்விஸ் பிரெஸ்லி இந்தப் பாட்டைப் பாட விரும்பிய கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது இல்லையென்றால் அடுத்த தட்டின் கதை வேறு விதமாகப் போயிருக்கும். எல்லாம் பேசி முடித்த நிலையில், எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதியைத் தங்களுக்கு எழுதித்தர வேண்டும் என்று கேட்டார். எல்விஸ் பாடும் பாட்டுகளுக்கு அதுவே வழக்கமான நிபந்தனை. டாலி மறுத்துவிட்டார். இரவெல்லாம் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அன்று அவர் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால், 1992-க்குப் பிறகு உலகம் முழுவதும் விற்ற கோடிக்கணக்கான தட்டுகளிலிருந்து பாடலாசிரியருக்கு வந்த வருமானத்தில் பாதி வேறு கைகளுக்குப் போயிருக்கும். இசைத்துறையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகும் எந்த இளம் பாடலாசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. நம் திரையுலகில் பாட்டின் உரிமை யாருக்கு என்ற வழக்குகள் இன்னும் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இதன் பொருத்தம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

‘ஜோலீன்’ ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தலைப்புப் பாட்டு எவரும் அறிந்தது. தன் கணவனைப் பறித்துவிடாதே என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் இறைஞ்சும் அந்தப் பாட்டுக்காகவே இந்தத் தட்டை வாங்குவோர் உண்டு. ‘எர்லி மார்னிங் ப்ரீஸ்’ இனிமையானது. வேகனர் எழுதிய ‘லோன்லி கமிங் டவுன்’ பாட்டும் இதே தட்டில் இருப்பது, பின்னணி தெரிந்தவர்களுக்குச் சற்றே உறுத்தலான ஒரு சுவை. மற்றவை வந்து போகின்றன. பத்துப் பாட்டுகளும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

டாலியிலிருந்து விட்னிக்குப் பாட்டு நேராகப் போய்ச் சேரவில்லை. இடையில் லின்டா ரான்ஸ்டாட் இருக்கிறார். அவர் 1975-இல் ‘பிரிஸனர் இன் டிஸ்கைஸ்’ ஆல்பத்தில் இதைப் பாடினார்; ஆனால் டாலி பேசும் அந்தக் கடைசிச் சரணத்தை விட்டுவிட்டார். ‘தி பாடிகார்ட்’ படத்தின் முக்கியப் பாட்டாக முதலில் எண்ணியிருந்தது ஜிம்மி ரஃபின் பாடிப் புகழ்பெற்ற ‘வாட் பிகம்ஸ் ஆஃப் தி ப்ரோக்கன்ஹார்ட்டட்’. அது ‘ஃப்ரைட் க்ரீன் டொமேட்டோஸ்’ படத்தில் இடம்பெறுவது தெரிந்ததும், படத்தின் நாயகனும் தயாரிப்பாளர்களில் ஒருவருமான கெவின் காஸ்ட்னர் ரான்ஸ்டாட்டின் பதிவைக் கொண்டுவந்து கொடுத்தார். இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் அதை வைத்தே வேலையைத் தொடங்கினார். டாலியிடம் தொலைபேசியில் பேசும்போதுதான் இன்னொரு சரணம் இருக்கிறது என்ற செய்தி அவருக்குத் தெரியவந்தது. விட்னியின் பதிவில் உச்சக்கட்டத்துக்கு முன்னால் வரும் அமைதியான பகுதி அந்தச் சரணம்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு தொலைபேசி அழைப்பு அந்தப் பாட்டுக்கு எவ்வளவு செய்திருக்கிறது என்பது விளங்கும்.

தொடக்கத்தில் வாத்தியமே இல்லாமல் வெறுங்குரலில் பாட வேண்டும் என்பது காஸ்ட்னரின் பிடிவாதம். வானொலி நிலையங்கள் அப்படிப்பட்ட பாட்டை ஒலிபரப்பத் தயங்கும் என்று இசைநிறுவனத்தாரிடையே கவலை இருந்தது. அது நியாயமான கவலையும்கூட. பாட்டின் முதல் முக்கால் நிமிடம் அளவுக்கு விட்னியின் குரல் மட்டுமே ஒலிக்கிறது; பிடித்துக்கொள்ளத் தாளம் இல்லை, சுதி பிடிக்க ஒரு கிதார்கூட இல்லை. நம் பழைய திரைப்பாடல்களில் தாளம் தொடங்குமுன் வரும் தொகையறாவை நினைத்துக்கொண்டால் தமிழ் வாசகருக்கு அதன் தன்மை விளங்கும். பாடகி தன் மனம்போன போக்கில் சொற்களை நீட்டியும் நிறுத்தியும் பாடுகிறார். கேட்பவர் அவருடைய மூச்சைப் பின்தொடர்ந்துதான் போக வேண்டியிருக்கிறது. அதன்பின் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சேர்கின்றன. இரண்டாம் பல்லவிக்குப் பிறகு கிர்க் வேலமின் சாக்ஸஃபோன் வருகிறது. அந்தக் காலத்துக்கே உரிய மெருகு அதில் சற்று அதிகம் என்பது என் எண்ணம். இன்று கேட்கும்போது பதிவின் வயதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே பகுதி அதுதான்.

பிறகு டாலி எழுதிய அந்த வாழ்த்துச் சரணம். விட்னி அதைப் பேசவில்லை, பாடுகிறார். ஆனால் பாட்டின் தொடக்கத்தில் இருந்ததைப்போன்ற தாழ்ந்த குரலில். சரணம் முடிந்ததும் எல்லாம் நிற்கிறது. ஒரு கணம் முழு நிசப்தம். அடுத்து டிரம்மில் ஒரே ஓர் அடி. அதோடு சுதி ஏ மேஜரிலிருந்து பி மேஜருக்கு ஒரு முழு ஸ்வரம் ஏறி, பல்லவியின் முதல் சொல்லை விட்னி முழுத் தொண்டையில் எடுக்கிறார். மெல்லத் தொடங்கி முழுக்குரலில் உச்சம் தொடும் இந்த வகைப் பாட்டுக்குப் பவர் பேலட் என்று பெயர் வந்ததன் காரணம் அந்த இடத்தில் இருக்கிறது. ஆனால் உலகெங்கும் போட்டி மேடைகளில் இதைப் பாடுகிறவர்கள் அந்த உச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்தே முழுக்குரலில் தொடங்கிவிடுகிறார்கள். கடைசியில் ஏறுவதற்குப் படியே மிஞ்சுவதில்லை. விட்னி மூன்று நிமிடங்களுக்கு மேல் சேமித்துவைத்துக் கடைசியில் செலவழிக்கிறார். டாலியோ கடைசிவரை செலவழிக்காமலே போகிறார். இரண்டு பதிவுகளும் அடக்கத்தை நம்பியே நிற்கின்றன என்பதுதான் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டதில் எனக்குத் தெரிந்தது.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய செய்தி இதிலிருந்துதான் பிறக்கிறது. எல்.பி. எனப்படும் நீள்நேர இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே கணக்கில் சுழன்றாலும், ஊசிக்கு அடியில் தடம் நகரும் வேகம் விளிம்பில் அதிகம், நடுவில் குறைவு. விளிம்பில் அது நடுப்பகுதியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் வரும் பாட்டுக்கு ஒலித்தெளிவு கூடுதலாக அமையும். ‘ஜோலீன்’ தட்டில் இந்தப் பாட்டு இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. ‘தி பாடிகார்ட்’ தட்டில் முதல் பக்கத்தின் முதல் பாட்டு. இரண்டுமே தட்டின் சிறந்த இடத்தில் அமைந்திருக்கின்றன. ஆனால் விளிம்புக்கு ஒரு தொல்லையும் உண்டு: ஊசி முதலில் இறங்குவது அங்கேதான், விரல்கள் அதிகம் படுவதும் அங்கேதான். பழைய தட்டில் கீறலும் தூசியும் முதலில் குடியேறும் இடம் அது.

டாலியின் பாட்டில் வாத்தியங்கள் தொடக்கம் முதலே இருப்பதால் சிறு சடசடப்பு காதை உறுத்துவதில்லை. கிதார் நரம்பின் ஓசையும் குரலின் நடுக்கமும் எல்.பி. தட்டில் இயல்பாகவும் சூடாகவும் கேட்கின்றன. விட்னியின் பாட்டிலோ அந்த முக்கால் நிமிட வெறுங்குரலுக்கு அடியில் ஒவ்வொரு தூசியும் தன் வருகையைப் பதிவு செய்கிறது. டிரம் அடிக்கு முந்தைய அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு ‘டிக்’ ஓசை வந்தாலும் எல்லாம் கெட்டுவிடுகிறது. கடையில் நான் கேட்ட எல்.பி. தட்டில் அது வந்தது. கடைக்காரர் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டார், மறுபடியும் வந்தது. அதனால் விட்னியை சிடியாக எடுத்துக்கொண்டேன், பழைய எல்.பி. தட்டின் விலையில் கால் பங்குக்கும் குறைவாக. சிடியில் ஊசியும் இல்லை, உராய்வும் இல்லை. நிசப்தம் நிசப்தமாகவே இருக்கிறது. கீறலில்லாத தட்டொன்று புதிதாகக் கிடைத்து, நல்ல டர்ன்டேபிளும் வீட்டில் இருந்தால் எல்.பி. வாங்குங்கள். இல்லையென்றால் சிடி போதும்.

கைப்பேசிச் செயலிகளில் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். ஒரு பாட்டின் முடிவும் அடுத்த பாட்டின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று கலந்து ஒலிக்கும் ‘கிராஸ்ஃபேட்’ வசதியை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். அது இருந்தால் விட்னியின் முதல் வரிமேல் முந்தைய பாட்டின் வால் படிந்துவிடும். சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் காருக்குள் கேட்பதிலும் பயனில்லை. முதல் பாதி வெளிச்சத்தத்தில் காணாமல் போகும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால் டிரம் அடி காதைப் பதம் பார்க்கும்.

‘தி பாடிகார்ட்’ தொகுப்பின் மற்றப் பகுதிகளுக்கு வருவோம். பன்னிரண்டு பாட்டுகளில் விட்னி பாடியவை ஆறு. அவை ஆறும் முதலில் வருகின்றன. ‘ஐ ஹாவ் நத்திங்’, ‘ரன் டு யூ’ இரண்டும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை. தலையாய பாட்டு படத்துக்காக எழுதப்பட்டதல்ல என்பதால் அந்தப் போட்டியிலேயே அதற்கு இடமில்லை. ‘ஐம் எவ்ரி வுமன்’ 1978-இல் சாகா கான் பாடியதன் மறுபதிப்பு, துள்ளலானது. அந்த ஆறுக்குப் பிறகு கென்னி ஜி, ஆரன் நெவில், லீசா ஸ்டான்ஸ்ஃபீல்ட், ஜோ காக்கர் என்று பெரிய பெயர்கள் அணிவகுத்தாலும், என்னால் அந்தப் பாதியை இரண்டாம் முறை முழுதாகக் கேட்க முடியவில்லை. பாதி ஆல்பத்துக்கே முழு விலை கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அந்தப் பாதிக்காகவே நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன என்பதும், 1994-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது என்பதும் வேறு விஷயம். பாட்டு தனியாக அமெரிக்காவின் முதன்மைப் பாடல் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-இல் 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 1992-இல் பாய்ஸ் டு மென் குழுவினர் 13 வாரங்கள் இருந்து படைத்த சாதனையை அது முறியடித்தது.

நம்மூர் வழக்கம் ஒன்றையும் குறிப்பிடாமல் போக மனமில்லை. காக்ஸ் டவுனிலும் ஃப்ரேசர் டவுனிலும் நடக்கும் திருமண வரவேற்புகளில், மணமக்கள் கேக் வெட்டும் நேரத்தில் இசைக்குழுவினர் இந்தப் பாட்டை எடுப்பது இன்றும் நடக்கிறது. உன்னோடு இருந்தால் உனக்குத் தடையாகத்தான் இருப்பேன், ஆகவே போகிறேன் என்று சொல்லும் பாட்டை, சேர்ந்து வாழத் தொடங்கும் இருவருக்கு வாழ்த்தாகப் பாடுகிறார்கள்; அத்தைகளும் மாமாக்களும் கண்ணீர் மல்கக் கைதட்டுகிறார்கள். இந்தக் குழப்பம் உலகம் முழுவதற்கும் பொதுவானது என்பதால் பெங்களூர்த் தமிழர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. 2012 பிப்ரவரி 11 அன்று விட்னி இறந்தபின், நியூவார்க்கில் அவர் சிறுமியாகப் பாடிய தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில், பெட்டியை வெளியே சுமந்து செல்லும்போது இந்தப் பதிவை ஒலிக்கவிட்டார்கள். பாட்டு எதைச் சொல்கிறதோ அதற்குப் பொருத்தமான இடம் அதுதான்.

இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு டாலியே ஒரு விதத்தில் பதில் சொல்லிவிட்டார். நாஷ்வில்லில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது வானொலியில் விட்னியின் குரலில் தம் பாட்டை முதன்முறை கேட்டதாகவும், பல்லவி எழுந்த வேகத்தில் வண்டியை ஓரம்கட்ட வேண்டியிருந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். எழுதியவரையே நிறுத்திவைத்த குரலோடு நான் வழக்காடப் போவதில்லை. ஆயினும் ஒரே ஒரு தட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்று எவரேனும் கேட்டால், ‘ஜோலீன்’ எல்.பி. தட்டையே கைகாட்டுவேன். விட்னியின் பதிவு வேண்டாமென்றாலும் தேடி வந்துவிடும். வரவேற்பு மண்டபத்திலும் கடைத்தெருவிலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். டாலியின் பதிவை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

தேடிப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டாலி இதே பாட்டை 1982-இல் ஒரு திரைப்படத்துக்காக மறுபடி பதிவு செய்தார்; அதுவும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. ஒரே பாட்டால் இரு முறை அந்த இடத்தைப் பிடித்த முதல் கலைஞர் என்ற பெருமை அவருக்கு அப்படி வந்ததுதான். டாலியின் தேர்ந்தெடுத்த பாடல்கள் என்ற பெயரில் பழைய கடைகளில் கிடைக்கும் தொகுப்புகள் சிலவற்றில் இருப்பது அந்த இரண்டாவது பதிவு. அது கெட்ட பதிவல்ல, ஆனால் நான் மேலே எழுதியதெல்லாம் முதல் பதிவைப் பற்றியது. ஆகவே தொகுப்பு வாங்குவதானால் பின்னட்டையில் பாட்டின் பெயருக்கு எதிரே அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஆண்டு அச்சிடவில்லை என்றால், கடைக்காரரிடம் சொல்லிப் போட்டுக் கேட்டுவிடுங்கள்.